மதிப்பெண் கடைசியில் வரட்டும்

கேள்வி

பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். அலுவலக நண்பர்கள் ஐந்தாறு பேர் சேர்ந்து மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கேயே பீர் காய்ச்சி விற்கும் ஏதாவது ஒரு ப்ரூபப்புக்குப் போவோம். குடிப்பது கொஞ்சம், பேச்சுதான் அதிகம். சில மாதமாக எல்லோரையும் ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டிருக்கிறது. குடிக்கிற ஒவ்வொரு பீருக்கும் ஆப்பில் ஐந்துக்கு இத்தனை என்று நட்சத்திரம் போட வேண்டும். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

போன முறை ஒரு கோதுமை பீர் வந்தது. மூக்கருகே கொண்டுபோனதும் பழுத்த வாழைப்பழ வாசனை, கூடவே கிராம்பு. எசன்ஸ் ஊற்றிவிட்டார்கள் என்று நினைத்து 2 கொடுத்தேன். எங்கள் குழுவில் நிபுணர் என்று பெயர் வாங்கியவர் சிரித்தே விட்டார். அது அப்படித்தான் இருக்க வேண்டுமாம். அன்றைக்குக் கடைசியாகக் குடித்த ஐபிஏ என்ற பீருக்கு 4.5 கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து அதே ஐபிஏவை முதலில் வாங்கிக் குடித்தால் வாயெல்லாம் கசப்பு. 3 கூடத் தேறாது.

பீரை முறையாகச் சுவைப்பது எப்படி? அதற்குத் தனி நாக்கு வேண்டுமா? எனக்குப் பிடிக்காத பீருக்கும் நல்ல மதிப்பெண் கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? ஆப்பில் வரும் சராசரியை நம்பலாமா? இதற்குப் பரீட்சையெல்லாம் இருக்கிறது என்கிறார்களே, உண்மையா?

பெயர் போட வேண்டாம் சார். ஊரில் அம்மா இந்தப் பத்திரிகையைத்தான் வாங்குகிறார்.

— ஒரு வாசகி, பெங்களூரு

பதில்

அன்புள்ள வாசகிக்கு,

பெயரைப் போடவில்லை, சொந்த ஊரையும் நீக்கிவிட்டோம். இனி விஷயத்துக்கு வருவோம்.

உங்கள் மூக்கில் குறை ஒன்றுமில்லை. வாழைப்பழம், கிராம்பு என்று இரண்டையும் பெயர் சொல்லிப் பிடித்திருக்கிறீர்கள். பெரும்பாலானவர்கள் ‘நல்லா இருக்கு’, ‘சுமார்’ என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நீங்கள் கண்டுபிடித்தது சரி. தீர்ப்புதான் அவசரப்பட்டுவிட்டது.

அந்தப் பீரில் யாரும் எசன்ஸ் ஊற்றியிருக்க வேண்டியதில்லை. நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் அது ஜெர்மனியின் பவேரியா பகுதிக்குரிய ஹெஃபவைட்சென். ஜெர்மனியில் இந்தப் பெயரில் விற்க வேண்டுமானால் மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், பாதியாவது கோதுமை மால்ட்டாக இருக்க வேண்டும். ஆனால் அந்த வாசனையை உண்டாக்குவது ஈஸ்ட். இந்த வகைக்கென்றே பேணப்படும் ஈஸ்ட், சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கும்போது ஐசோஅமைல் அசிடேட் என்ற பொருளையும் சேர்த்து வெளியிடுகிறது. பழுத்த வாழைப்பழம் மணப்பதற்கு முக்கியக் காரணமும் இதே பொருள்தான். கிராம்பு வாசனை வருவது வேறு வழியில். தானியத்தில் ஃபெருலிக் அமிலம் இருக்கிறது. ஈஸ்ட் அதை 4-வினைல் குவாயகால் என்ற பொருளாக மாற்றுகிறது. நொதிக்கும் தொட்டியின் வெப்பத்தைக் கொஞ்சம் ஏறவிட்டால் வாழைப்பழம் தூக்கலாகும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது 45 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சற்று நேரம் நிறுத்தினால் ஃபெருலிக் அமிலம் கூடுதலாக இறங்கி, கிராம்பு தூக்கலாகும். இந்த இரண்டுக்கும் நடுவே எங்கே நிற்பது என்பதில்தான் ப்ரூவரின் கைப்பக்குவம் தெரியும்.

ஆக, பலகையில் ஹெஃபவைட்சென் என்று எழுதிவிட்டு, கோப்பையில் வாழைப்பழமும் கிராம்பும் வராமல் போனால்தான் மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டும்.

இன்னொரு கோதுமை பீரும் உங்கள் ஊர்ப் ப்ரூபப்களில் சகஜம். அது பெல்ஜியத்தின் விட்பியர். ஹோகார்டன் என்ற ஊரில் 1950களில் அடியோடு நின்றுபோயிருந்த இந்த வகையை, பால் விற்றுக்கொண்டிருந்த பியர் செலிஸ் என்பவர் 1960களின் நடுவில் மீண்டும் காய்ச்சத் தொடங்கினார். அதில் மால்ட்டாக்காத கோதுமையோடு கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் சேர்ப்பார்கள். அங்கே தனியா வாசனை வந்தால் சரி, வாழைப்பழம் தூக்கி நின்றால் கேள்வி கேட்கலாம். இரண்டையும் ‘வீட் பீர்’ என்ற ஒரே பெயரில் கொண்டுவந்து வைப்பவர்களும் உண்டு. எந்த வகை என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே மூக்கைக் கொண்டுபோங்கள்.

ஒரே வாசனை, இரண்டு தீர்ப்பு

ஒரு பீரில் குணமாக இருப்பது இன்னொன்றில் குற்றமாகிவிடும். ஹெஃபவைட்சென்னுக்கு அழகு சேர்க்கும் கிராம்பு வாசனை, சாதாரண பேல் ஏலில் வந்தால் அழையாத காட்டு ஈஸ்ட் தொட்டிக்குள் புகுந்துவிட்டது என்று ப்ரூவர் கவலைப்படுவார். பெர்லினர் வைஸ் என்ற பீர் புளிக்கத்தான் வேண்டும். லாகர் புளித்தால் கிருமி தொற்றியிருக்கிறது. செக் நாட்டு லாகரில் மெல்லிய வெண்ணெய் வாசனையை நடுவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அதையே ஜெர்மன் லாகர் வகையான பில்ஸில் கண்டால் மதிப்பெண்ணை வெட்டுவார்கள்.

பீர்களை இப்படி வகை வகையாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் பரவியதில் மைக்கேல் ஜாக்சன் என்ற இங்கிலாந்துப் பத்திரிகையாளருக்குப் பெரிய பங்கு உண்டு. பாடகர் வேறு, இவர் வேறு. 1977-இல் வெளிவந்த இவருடைய ‘தி வேர்ல்ட் கைட் டு பீர்’ நூல்தான் பின்னால் வந்தவர்களுக்கு வழி போட்டது. 1985-இல் அமெரிக்காவில் தொடங்கிய பீர் ஜட்ஜ் சர்டிஃபிகேஷன் புரோகிராம், சுருக்கமாக பிஜேசிபி, ஒவ்வொரு வகைக்கும் நிறம், மணம், கசப்பு, ஆல்கஹால் அளவு என்று வரம்பு வகுத்திருக்கிறது. 2021-இல் வந்த பதிப்பில் ஹெஃபவைட்சென்னின் கசப்பு 8 முதல் 15 ஐபியூ, அமெரிக்க ஐபிஏவுக்கு 40 முதல் 70 ஐபியூ. ஐபியூ என்பது கசப்புக்கான அலகு. உங்கள் வாயை அடைத்த கசப்பு அந்த ஐபிஏவின் பிறவிக் குணம். அதை மட்டும் காரணம் காட்டி 3 போட முடியாது.

அப்படியானால் முதல் நாள் 4.5 எப்படி வந்தது? மூன்று நான்கு பீருக்குப் பிறகு நாக்கு கசப்புக்குப் பழகிவிடுகிறது, ஆல்கஹால் மனசை இளக்கிவிடுகிறது. இரண்டாவது முறை வெறும் நாக்கில் நேராகக் கசப்பு விழுந்தது. ப்ரூபப்பில் ஒவ்வொரு முறை காய்ச்சும்போதும் பீர் சற்றே மாறும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். ஐபிஏவுக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் வாசனை நாள்பட நாள்பட மங்கும். தொட்டியில் அது எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்பது தவறில்லை.

சுவைக்கும் முறை

வயிறு நிறைய மசாலா வேர்க்கடலையும் சில்லி சிக்கனும் சாப்பிட்டுக்கொண்டே பீரை மதிப்பிட முடியாது. எண்ணெய் பட்ட உதடு நுரையைக் கொன்றுவிடும். மிளகாய்க் காரம் கசப்பையும் ஆல்கஹாலின் எரிச்சலையும் பெருக்கிக் காட்டும். மேசையில் தண்ணீர் வேண்டும். கொறிக்க உப்பில்லாத பொரியோ வெறும் ரொட்டித் துண்டோ போதும். சென்ட் அடித்துக்கொண்டு போகாதீர்கள், பக்கத்தில் சிகரெட் புகையும் வேண்டாம். ஆலைகளில் சுவைக்குழு பெரும்பாலும் காலைச் சாப்பாட்டுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் கூடும். நாக்கும் மூக்கும் அப்போதுதான் விழிப்பாக இருக்கும்.

முழுக் கோப்பை வாங்காமல் சாம்ப்ளர் கேளுங்கள். ஒரு தடவைக்கு நான்கு சிறு கோப்பைக்கு மேல் வேண்டாம். லேசானது முன்னால், கனமானது பின்னால். கசப்புக் குறைந்தது முன்னால், கூடியது பின்னால். கோதுமை பீரிலிருந்தோ லாகரிலிருந்தோ தொடங்கி, பேல் ஏல், ஐபிஏ, கடைசியில் ஸ்டௌட் என்று போகலாம். எதிலிருந்தாவது முந்தையதற்குத் திரும்ப வேண்டுமென்றால் தண்ணீர் குடித்து, கொஞ்ச நேரம் விட்டுத் திரும்புங்கள்.

கோப்பை வந்ததும் முதல் வேலை முகர்வது. மணப்பொருள்கள் பறந்துவிடக்கூடியவை. ஊற்றிய முதல் நிமிடத்தில் எழும் சில வாசனைகள் நீங்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் போய்விடும். கோப்பையை மெல்லச் சுழற்றி, இரண்டு மூன்று முறை சின்னச் சின்னதாக இழுத்து முகருங்கள். நீளமாக இழுத்தால் மூக்கு மரத்துப்போகும். முதலில் மனசில் பட்டதை உடனே எழுதிவிடுங்கள்.

பிறகு கண். நிறம், தெளிவு, நுரை. ஹெஃபவைட்சென் கலங்கியிருக்க வேண்டும், பில்ஸ் கண்ணாடி போல் இருக்க வேண்டும். நுரையைக் கட்டிப்பிடித்து நிறுத்துவது மால்ட்டின் புரதமும் ஹாப்ஸின் கசப்புப் பொருளும். எண்ணெய்ப் பசை பட்டால் அது உடைந்துவிடும். கோப்பையின் உட்சுவரில் முத்து முத்தாகக் குமிழ்கள் ஒட்டிக்கொண்டு நிற்கிறதா பாருங்கள். நின்றால் கோப்பை சரியாகக் கழுவப்படவில்லை. நல்ல கோப்பையில் குமிழ் ஒட்டாது. குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் படியும். அழுக்குக் கோப்பையில் வந்த பீருக்கு மதிப்பெண் போடாதீர்கள். வேறு கோப்பையில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து வாய். ஒரு மடக்கு எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு, விழுங்குங்கள். ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பீர் நடுவர்கள் பெரும்பாலும் விழுங்குவார்கள். விழுங்கிய பிறகு எழுந்து நிற்கும் கசப்பு எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதும் மதிப்பீட்டில் சேர்ந்தது. விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி இந்த வழியில் வருகிற வாசனைதான். சந்தேகமிருந்தால் வீட்டில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓர் ஏலக்காய் மிட்டாயை வாயில் போட்டுப் பாருங்கள். வெறும் இனிப்புதான் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் வந்து நிற்கும்.

கடைசியாக, வாய்க்குள் அதன் கனம். தண்ணீராக ஓடுகிறதா, வழவழப்பாக இருக்கிறதா, வாயு எப்படிக் குத்துகிறது, ஆல்கஹால் தொண்டையைச் சுடுகிறதா என்று பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கை. பனிக்கட்டி மாதிரிக் குளிர்ந்த பீரில் எந்த வாசனையும் எழாது. லாகருக்கு 4 முதல் 7 டிகிரி, ஏல் வகைகளுக்கு 8 முதல் 12, கனமான ஸ்டௌட்டுக்கு அதற்கும் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் குளிர்ச்சியாக வந்தால் கோப்பையை இரண்டு கையாலும் பொதிந்து பிடித்துக் காத்திருந்து மறுபடி முகருங்கள். குளிரில் ஒளிந்திருந்த குற்றங்களும் வெளியே வரும். இன்னொன்று வெயில். மொட்டைமாடி ப்ரூபப்பில் மத்தியான வெயில் படும் மேசை வேண்டாம். ஹாப்ஸின் கசப்புப் பொருள் வெளிச்சம் பட்டுச் சிதைந்து கந்தக நெடி உள்ள பொருளாக மாறிவிடும். கண்ணாடிக் கோப்பையில் இதற்குச் சில நிமிடமே போதும். பழுப்பு பாட்டிலில் பீர் அடைப்பதும் இதற்காகத்தான். பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் அந்த வெளிச்சத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை.

குற்றங்களின் அடையாளம்

வகை எதுவானாலும் சில வாசனைகளைத் தெரிந்துவைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது.

வெண்ணெய் அல்லது பட்டர்ஸ்காட்ச் மிட்டாய்: டைஅசிட்டைல். நொதித்தலின்போது இயல்பாகவே உண்டாகும். பொறுமையாக விட்டுவைத்தால் ஈஸ்ட்டே அதைத் திரும்ப உறிஞ்சிவிடும். விற்கிற அவசரத்தில் பீரைச் சீக்கிரம் குளிரவைத்துவிட்டால் அப்படியே தங்கிவிடும். இன்னொரு காரணமும் உண்டு. தொட்டியிலிருந்து டேப்புக்கு வரும் குழாய் அழுக்கானால் அதில் வளரும் பாக்டீரியாவும் இதே வாசனையைத் தரும். குழாய்களைப் பதினான்கு நாளுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும் என்பது அமெரிக்க ப்ரூவர்ஸ் அசோசியேஷனின் பரிந்துரை. வெண்ணெய் வாசனைக்கு ப்ரூவரை மட்டும் திட்டாதீர்கள்.

வேகவைத்த மக்காச்சோளம்: டைமீதைல் சல்ஃபைடு. வெளிர்நிற மால்ட்டில் இதன் மூலப்பொருள் இருக்கிறது. கொதிக்கும்போது பாத்திரத்தைத் திறந்துவைத்து நன்றாகக் கொதிக்கவிட்டால் ஆவியோடு போய்விடும்.

பச்சை ஆப்பிள்: அசிட்டால்டிஹைடு. பெரும்பாலும் பீர் முதிர்வதற்கு முன்பே எடுத்துவிட்டார்கள் என்பதற்கு அடையாளம்.

நனைந்த அட்டைப்பெட்டி: காற்றிலுள்ள ஆக்ஸிஜன் பட்டுப் பழசான பீர். வெயிலில் நின்ற லாரி, சூடான கிடங்கு இரண்டும் இதை விரைவுபடுத்தும்.

தனி நாக்கு வேண்டுமா?

வேண்டாம். ஆனால் எல்லோருடைய மூக்கும் ஒன்றல்ல. டைஅசிட்டைல் கொட்டிக் கிடந்தாலும் தெரியாதவர்கள் உண்டு, அதன் நிழல் பட்டாலே முகம் சுளிப்பவர்களும் உண்டு. கசப்பிலும் அப்படியே. அதனால்தான் போட்டிகளில் ஒரு பீரை ஒருவரிடம் மட்டும் விடுவதில்லை. உங்கள் மூக்கு எதில் கூர்மை, எதில் மந்தம் என்று தெரிந்துகொள்வதே பயிற்சியின் முதல் படி.

அதற்கு எளிய வழி முக்கோணச் சோதனை. 1940களில் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆலையில் சுவைக்குழுவுக்கு ஆள் தேர்ந்தெடுக்கப் பயன்பட்ட முறை இது. ஒரே மாதிரி மூன்று கோப்பை. இரண்டில் ஒரே பீர், மூன்றாவதில் வேறு. எதில் எது என்று ஊற்றியவருக்கு மட்டும் தெரியும். வித்தியாசமானதை நீங்கள் எடுத்துக்காட்ட வேண்டும். குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், பல முறை செய்து பார்த்தால்தான் அர்த்தம். உங்கள் குழுவின் நிபுணரையும் உட்கார வையுங்கள்.

வாசனைகளைப் பெயர் சொல்லிப் பழக உங்கள் சமையலறையே போதும். வெளிநாட்டுக் கையேடுகளில் ஐபிஏவுக்கு கிரேப்ஃப்ரூட் என்று எழுதியிருப்பார்கள். 1972-இல் அமெரிக்காவில் வெளியான கேஸ்கேட் என்ற ஹாப்ஸ் வகையும், 1980-இல் அதை வைத்துக் காய்ச்சத் தொடங்கிய சியரா நெவாடா பேல் ஏலும் பிரபலமாக்கிய மணம் அது. பம்பளிமாஸ் தோலைக் கிள்ளி முகர்ந்து பாருங்கள், பிடிபட்டுவிடும். ஸ்டௌட்டில் வறுத்த காபிக்கொட்டை, கருப்பட்டி, அடிப்பிடித்த கடலை; புது ஹாப்ஸ் வகைகளில் கொய்யா, மாம்பழம். எது தோன்றுகிறதோ அதையே எழுதுங்கள். கையேட்டில் இல்லாத பெயர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

பிடித்ததும் சிறந்ததும்

உங்களுக்குப் பிடிக்காத பீருக்கு நல்ல மதிப்பெண் கொடுக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பிடித்தது என்பது ஒரு கேள்வி. நன்றாகச் செய்யப்பட்டது என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே எண்ணில் அடைக்கப் பார்ப்பதால்தான் குழப்பம். நோட்டில் இரண்டு கட்டம் போடுங்கள். ஒன்றில் மதிப்பெண். இன்னொன்றில் ‘மறுபடி வாங்குவேனா’ என்பதற்கு ஆம் அல்லது இல்லை. 4 கொடுத்துவிட்டு ‘இல்லை’ என்று எழுதுவதில் முரண் எதுவும் இல்லை. நேர்மை அதுதான்.

டெஸ்டிங்கில் இருக்கிறீர்கள். ‘இந்த மென்பொருளுக்கு 3’ என்று எழுதினால் எந்த டெவலப்பருக்காவது பயன்படுமா? எந்தத் திரையில், எதை அழுத்தியபோது, என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது என்றுதானே பக் ரிப்போர்ட் எழுதுகிறீர்கள்? பீர்க் குறிப்பையும் அப்படியே எழுதுங்கள். ‘கோதுமை பீர், வாழைப்பழ வாசனை, பிடிக்கவில்லை, 2’ என்பதற்குப் பதிலாக இப்படி இருக்கலாம்:

‘ஹெஃபவைட்சென். கலங்கிய வைக்கோல் நிறம், வெள்ளை நுரை, கெட்டியாக நின்றது. முகர்ந்ததும் வாழைப்பழம் பலமாக, கிராம்பு பின்னால். ருசியில் ரொட்டி மாதிரி கோதுமை, கசப்பு மிகக் குறைவு, முடிவு கொஞ்சம் இனிப்பாகத் தங்குகிறது. குற்றம் எதுவும் தெரியவில்லை. வாழைப்பழம் கிராம்பை மூழ்கடிக்கிறது. 3.5. மறுபடி வாங்குவேனா: இல்லை.’

இதைப் படிக்கும் ப்ரூவர், அடுத்த முறை தொட்டியைச் சற்று குளிர வைக்கலாமா என்று யோசிப்பார்.

பிஜேசிபி நடுவர்கள் 50-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயுணர்வுக்கு 5, ஒட்டுமொத்தத்துக்கு 10. நாம் ஓடி ஓடிப் போட்டோ எடுக்கும் தோற்றத்துக்கு வெறும் 3 என்பதைக் கவனியுங்கள். 45-க்கு மேல் வாங்குவது அபூர்வம். 30-க்கு மேல் போனாலே மிக நல்ல பீர். எவ்வளவு மோசமான பீருக்கும் 13-க்குக் கீழே போவதில்லை என்பது ஒரு மரியாதை.

ஐந்து நட்சத்திரத்துக்கு நான் சொல்லும் அளவு இது. குடிக்க முடியாத குற்றம் இருந்தால் 1. குற்றம் தெளிவாகத் தெரிந்தும் குடிக்க முடிந்தால் 2. குற்றமில்லை, வகைக்கு உண்மையாக இருக்கிறது, தனித்து எதுவுமில்லை என்றால் 3. வகைக்கு உண்மையாகவும் தனக்கென்று ஒரு முகத்தோடும் இருந்தால் 4. இந்த வகை இப்படி இருக்க வேண்டும் என்று மற்றவருக்குக் காட்டத் தகுந்தது 5. இதன்படி நடந்தால் உங்கள் பட்டியலில் 3-தான் அதிகம் இருக்கும். 3 கேவலமான மதிப்பெண் இல்லை.

சராசரியை நம்பலாமா?

ஓரளவு. ஆனால் அது எதை அளக்கிறது என்று தெரிந்து நம்புங்கள். இணையப் பட்டியல்களின் உச்சியில் எப்போதும் ஆல்கஹால் மிகுந்த இம்பீரியல் ஸ்டௌட்களும் ஹாப்ஸ் மணம் தூக்கிய டபுள் ஐபிஏக்களும்தான் நிற்கும். ஒரு குறையுமில்லாத பில்ஸ் அங்கே ஏறவே ஏறாது. பில்ஸ் மட்டமானது என்று அதற்கு அர்த்தமில்லை. ஒரே மடக்கில் அசரடிப்பது அதன் வேலையில்லை. ஆனால் பில்ஸில் குற்றத்தை ஒளிக்க இடமே கிடையாது. பல ப்ரூவர்கள் ஒரு ஆலையின் தரத்தை அதன் லாகரை வைத்துத்தான் எடைபோடுவார்கள்.

கிடைக்காத பொருளுக்கு மவுசு அதிகம் என்பதும் மதிப்பெண்ணில் கலந்துவிடும். பெல்ஜியத்தில் செயின்ட் சிக்ஸ்டஸ் மடத்தின் துறவிகள் காய்ச்சும் வெஸ்ட்ஃப்ளெட்டரன் 12 என்ற பீர் 2005-இல் ஓர் இணையப் பட்டியலில் உலகிலேயே சிறந்தது என்று வந்தது. மடத்தின் வாசலில் கார்கள் வரிசை கட்டின. துறவிகள் உற்பத்தியைக் கூட்டவில்லை. மடத்தை நடத்தத் தேவையான அளவுதான் காய்ச்சுவோம் என்று இருந்துவிட்டார்கள். நல்ல பீர்தான், சந்தேகமில்லை. ஆனால் அவ்வளவு தூரம் பயணம் செய்து, முன்பதிவு செய்து வாங்கிய பாட்டிலுக்கு 3 போட யாருக்கு மனசு வரும்?

எத்தனை பேர் போட்ட சராசரி என்றும் பாருங்கள். பத்துப் பேர் போட்ட 4.4-ஐவிட ஆயிரம் பேர் போட்ட 3.9 நம்பகமானது. சின்ன எண்ணிக்கையை வைத்து எவ்வளவு தூரம் முடிவு கட்டலாம் என்ற புள்ளியியல் கேள்விக்கு வழி காட்டியவரே ஒரு பீர் ஆலைக்காரர். டப்ளின் கின்னஸ் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-இல் ‘ஸ்டூடென்ட்’ என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையிலிருந்துதான் ஸ்டூடென்ட் டி-டெஸ்ட் பிறந்தது.

அமெரிக்காவில் 1982-இல் தொடங்கிய கிரேட் அமெரிக்கன் பீர் ஃபெஸ்டிவலும் ஆரம்பத்தில் வந்தவர்களின் வாக்கை வைத்துத்தான் சிறந்த பீரைத் தேர்ந்தெடுத்தது. 1987-இல் நடுவர் குழு வந்தது. இப்போது பெயர் மறைத்து, வகை வாரியாகச் சுவைத்து, நடுவர்கள் தங்களுக்குள் விவாதித்துப் பதக்கம் கொடுக்கிறார்கள். தகுதியான பீர் இல்லையென்றால் தங்கத்தை நிறுத்திவைக்கவும் செய்கிறார்கள். உங்கள் மேசையிலும் இதைச் செய்யலாம். எல்லோரும் எழுதி முடித்த பிறகே வாயைத் திறப்பது என்று ஒரு விதி போடுங்கள். நிபுணர் முதலில் ‘ஆஹா’ என்றுவிட்டால் மற்றவர்களின் மதிப்பெண்ணும் அங்கேயே போய் நிற்கும்.

பரீட்சை விஷயத்துக்குப் போகுமுன் ஒரு வார்த்தை. சுவைப்பதற்கு மடக்குகளே போதும், கோப்பைகள் தேவையில்லை. மதுவால் உடம்புக்குக் கேடு என்பது கிராஃப்ட் பீருக்கும் பொருந்தும். குடிக்காதவர்கள் இதற்காகத் தொடங்க வேண்டாம். நான்கு சாம்ப்ளர்தானே என்று வண்டியை எடுக்கவும் வேண்டாம்.

பரீட்சை இருப்பது உண்மை. பரிமாறுபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் 2008 முதல் சிசரோன் என்ற தேர்வு நடக்கிறது. போட்டி நடுவராக வேண்டுமென்றால் பிஜேசிபி. முதலில் இணையவழித் தேர்வு, அதில் தேறினால் சுவைத் தேர்வு. 90 நிமிடத்தில் ஆறு பீர். ஒவ்வொன்றுக்கும் முழுத் தாள் எழுத வேண்டும். அதே பீர்களை அனுபவமுள்ள நடுவர்களும் தனியே சுவைத்து எழுதுவார்கள். உங்கள் தாளை அதோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள்.

எதற்கு எவ்வளவு என்று பாருங்கள். மதிப்பெண் எவ்வளவு சரியாக விழுந்தது என்பதற்கு ஐந்தில் ஒரு பங்கு. என்ன கண்டுபிடித்தீர்கள், அதை எப்படி விவரித்தீர்கள், ப்ரூவருக்கு என்ன யோசனை சொன்னீர்கள், தாளை முழுமையாக நிரப்பினீர்களா என்பவற்றுக்கு மீதி நான்கு பங்கு. நடுவராகப் போகிறவரிடமே எண்ணுக்கு அவ்வளவுதான் மதிப்பு. அடுத்த சனிக்கிழமை ஆப்பைத் திறப்பதற்கு முன்னால் நோட்டைத் திறங்கள். நான்கு வரி எழுதிய பிறகு நட்சத்திரம் போட நேரமிருந்தால் போடுங்கள்.